பால்குடமும் கோப்பிக் கலர் பம்பும்

தலையில் பால்குடம். இரண்டு கைகளும் குடத்தின் மேல். கோவில் படிகளில் இன்னும் பதினொன்று பாக்கி. மூச்சு மட்டும் வரவில்லை.

முன்னால் உறுமி மேளம் காதை உடைத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒரு பெண் சாம்பிராணித் தட்டைச் சரியாக என் மூக்குக்கு நேராகப் பிடித்து வீசினாள். என் தோள்கள் இரண்டும் தானாக ஏறி இறங்கின. தலை ஆடியது. கண் செருகியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு குரல் கேட்டது.

யார் வந்தது என்று நானும் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் நான் வேன் லைசென்ஸ் எடுத்த கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாக மூன்று பேர் ஃபோன் செய்தார்கள். இந்த வாரமும் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்குத்தான் கொஞ்சம் பயம். இதைப் படித்துவிட்டு என்னை அடிக்க வரக்கூடியவர்கள் லூபோக் சீனா பக்கத்தில் ஒரு கோவில் நிறைய இருக்கிறார்கள்.

நீலம் நல்ல பிள்ளை

எனக்கு ஆஸ்துமா. ரெம்பியாவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன், வேன்கார வசந்தா என்றால் எல்லாருக்கும் தெரியும். காலையில் பதினான்கு பிள்ளைகளைக் கத்தி ஏற்றி, கத்தி இறக்க வேண்டும். கத்துவதற்கு மூச்சு வேண்டும். என் பிழைப்பே மூச்சுதான்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு கிளினிக்கில் இரண்டு பம்ப் கொடுப்பார்கள். ஒன்று நீலம். மற்றது கோப்பிக் கலர், காப்பித்தூள் நிறம். நீலம் உடனே கேட்கும். நெஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும், ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும். எங்கள் வட்டாரத்தில் நீலத்தின் மேல் எல்லாருக்கும் அப்படி ஒரு பாசம்.

கோப்பிக் கலரை யாருக்கும் பிடிக்காது. காலையில் இரண்டு அமுக்கு, மாலையில் இரண்டு அமுக்கு, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இவ்வளவும் செய்தால் என்ன தெரியும் என்றால், ஒன்றுமே தெரியாது. நெஞ்சு திறக்காது, மூடாது. அந்தப் பம்பில் மருந்து இருக்கிறதா, வெறும் காற்றா என்று நான் பலமுறை குலுக்கிப் பார்த்திருக்கிறேன்.

கிளினிக் பெஞ்சில் எனக்கு ஒரு தோழர் உண்டு. காதர் பாய். ரெம்பியாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவருக்கும் இதே நோய், இதே தேதியில்தான் அவருக்கும் அப்பாயின்ட்மென்ட். நம்பர் கூப்பிடும் வரை இரண்டு பேரும் யாருக்கு நெஞ்சு அதிகமாக விசிலடிக்கிறது என்று போட்டி வைத்துக்கொள்வோம்.

"இந்தக் கோப்பிக் கலரு ஒன்னும் செய்யலையே பாய்" என்று ஒருமுறை சொன்னேன்.

"கடைக்குக் காவல் இருக்குற நைட் டூட்டி ஜாகாவும் ஒன்னும் செய்யாமத்தான் உக்காந்திருப்பான். அவனை நிறுத்திப் பாருங்க தங்கச்சி, என்னா ஆவுதுன்னு தெரியும்" என்றார் அவர்.

நான் சிரித்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது என்னுடைய கவனமெல்லாம், மருந்து கொடுக்கும் நர்ஸ் மிஸி என்னைவிட நன்றாக முடி வளர்த்திருக்கிறாளே என்பதில் இருந்தது.

நன்றி சொல்லப் போகிறவள்

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வருடம் எனக்கு மிக மோசமாகப் போனது. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி, முகத்தில் மருந்துப் புகை மாஸ்க். வேன் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நின்றது. பெற்றோர் வேறு வேன் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் அழுதுகொண்டே, நான் பிறந்த எஸ்டேட் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்: "இந்த இழுப்பைப் போக்கிடு ஆத்தா, உனக்குப் பால்குடம் எடுக்குறேன்."

அதே வாரம்தான் கிளினிக்கில் கோப்பிக் கலரைக் கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் இழுப்பு போய்விட்டது. மாடிப்படி ஏறினேன், மழையில் நனைந்தேன், பிள்ளைகளைப் பழைய சுருதியில் திட்டினேன். இப்போது சொல்லுங்கள், போக்கியது யார்? பம்பா, அம்மனா?

வேண்டுதல் வைத்தவளுக்கு இதில் சந்தேகம் வரக் கூடாது. அடுத்த திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கப் பேர் கொடுத்தேன். அப்போதுதான் ஒரு சிக்கல் புத்தியில் உறைத்தது. இழுப்பைப் போக்கியதற்கு அம்மனுக்கு நன்றி சொல்லப் போகிறேன். தினமும் நான்கு அமுக்கு மருந்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு, "நீதான் குணப்படுத்தினாய்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது பச்சைப் பொய் அல்லவா? ஒரு கையில் நன்றி, மறு கையில் சந்தேகம். என்னையே ஒருத்தி இப்படி நம்பினால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே ஒரு மண்டல விரதத்தில் மீன், முட்டை, கடைச் சாப்பாடு, மெத்தை என்று விட வேண்டிய வரிசையில் கோப்பிக் கலரையும் சேர்த்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மணியம் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"சாமிக்கு மேலயா டாக்டரு?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இருபத்தாறு வருடக் குடும்ப அனுபவம் அவருக்கு.

முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான் சும்மா இருப்பேனா? வேனில் பிள்ளை ஏற்ற வரும் பெண்களிடமெல்லாம், "பம்பை விட்டுட்டேன்லா, ஆத்தா பார்த்துக்கிறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்களில் ஒருத்தி புஷ்பா. ஃபேக்டரியில் வேலை. அவள் மகள் தர்ஷினி நாலாம் ஆண்டு மாணவி, அவளுக்கும் இழுப்பு உண்டு. புஷ்பா என் பேச்சைக் கண் கொட்டாமல் கேட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

நான்காவது வாரம் சிரித்தால் இருமல் வந்தது. சிரிப்பதைக் குறைத்தேன். ஐந்தாவது வாரம் நடந்தால் வந்தது. நீலத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் அடித்தேன். நீலம் விரதப் பட்டியலில் இல்லை என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன். கடைசி வாரம் ஒருநாளைக்கு ஆறு ஏழு தடவை அடித்திருப்பேன். வீட்டுக்காரர் கேட்டால், புழுதி என்பேன். நன்றாகப் பேசித் திரிந்தவள், தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

திருவிழா அன்று நீலத்தையும் வேனிலேயே வைத்துவிட்டுப் போனேன். அம்மன் முன்னால் நேர்மையாக இருக்க வேண்டுமாம்.

அருள்வாக்கு

எங்கள் கோவில் லூபோக் சீனாவுக்கு உள்ளே, செம்பனைக் காட்டு நடுவில், ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிறது. எஸ்டேட்டில் இப்போது நம் ஆட்கள் யாரும் குடியிருக்கவில்லை. திருவிழாவுக்கு மட்டும் எல்லா ஊரிலிருந்தும் கார் போட்டு வருவார்கள். ஆற்றங்கரையிலிருந்து கோவிலுக்கு அரை மைல் நடை. பிறகு படி.

பாதி வழியிலேயே நெஞ்சு இறுகிவிட்டது. குடத்தைக் கீழே வைக்க முடியாது. எடுத்த பால்குடம் சன்னிதியில்தான் இறங்க வேண்டும், வழியில் தரையைத் தொடக் கூடாது. படியில் கால் வைத்தபோது எனக்கு ஒரு ஸ்ட்ரா வழியாகத்தான் காற்று போனது. மேளக்காரர்களுக்கு என் தோள் ஆடுவது தெரிந்துவிட்டது. சாமி வருகிறது என்று அடியை வேகமாக்கினார்கள். பாதி தூரத்தில் நின்றுவிட்டேன்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

நம்முடைய ஆட்களுக்குச் சாமி வந்தவளை எப்படிக் கவனிப்பது என்று நன்றாகத் தெரியும். சாம்பிராணி போடுவார்கள். எனக்குப் போட்டார்கள். விபூதியை உள்ளங்கையில் வைத்து முகத்தில் ஊதுவார்கள். ஊதினார்கள். ஒருவர் நெற்றியில் வேப்பிலையால் அடித்தார். காலடியில் சூடம் கொளுத்தினார்கள். ஆஸ்துமாக்காரியைக் கொல்வதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட ஒழுங்கான ஏற்பாடு கிடையாது.

"யாரு தாயே வந்திருக்கிறது?"

"ப..." என்றேன். பம்ப் என்று சொல்லப் பார்த்தேன்.

"பத்ரகாளி!" என்றார் வேப்பிலைக்காரர். கூட்டம் கும்பிட்டது.

அப்போது புஷ்பா முன்னால் வந்து மண்டி போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆத்தா, என் மவ தர்ஷினிக்கு இழுப்பு போயிடுமா? நீ சொல்லும்மா. போயிடுமா?"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் தலை மேலும் கீழும் போனது. அவ்வளவுதான். புஷ்பா அதைப் பார்த்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

என் வீட்டுக்காரரைத் தேடினேன். மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். கை இரண்டையும் தலைக்கு மேல் குவித்து, என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. செத்தேன் என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. பயம் என்றால் அதுதான் பயம். நூறு பேர் சுற்றி நின்று பார்க்க, ஒருவருக்கும் தெரியாமல் சாகப் போகிறேன்.

"புகையை எடுங்கய்யா! சாமியும் இல்ல, ஒன்னும் இல்ல, ஆஸ்மாலா இது!"

காதர் பாய். படிக்குக் கீழே சிரப் தண்ணீர்க் கடை போட்டிருந்தவர், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஓடி வந்தார்.

"பாய், இது சாமி விசயம், நீங்க தள்ளுங்க" என்றார் வேப்பிலைக்காரர்.

"சாமி விசயம் இருக்கட்டும். உதட்டைப் பாருங்கய்யா, கறுத்துப் போச்சு! இந்த விசிலு சத்தம் எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா என் நெஞ்சுல கேக்குறேன்."

கையிலிருந்த காகிதக் குவளையின் அடியில் விரலால் ஓட்டை போட்டார். தன் நீலப் பம்பை அதில் சொருகினார். குவளையை என் வாயின் மேல் கவிழ்த்தார். "தங்கச்சி, மெதுவா இழுங்க. ஒன்னு. விடுங்க. இழுங்க. ரெண்டு." ரோஸ் சிரப் வாசனையோடு மருந்து உள்ளே போனது.

நான் இன்னும் குடத்தை விடவில்லை. வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, குடத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். காதர் பாயும் இன்னும் இருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டுக்காரர் என் கூட வர முடியாது, குடம் தரையைத் தொடக் கூடாது. ஆகவே அந்த மனிதர் அழுதுகொண்டே பதினொரு படி ஏறி, பாலை ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். வழியெல்லாம் காதர் பாய்தான் என் வேனை ஓட்டினார், கியரை அரைத்து அரைத்து.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா. சின்ன வயது. "யார் நிறுத்தச் சொன்னது, புவான்?" என்று மரியாதையாக மலாயில் கேட்டார். நானே என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ளே மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கும். கோப்பிக் கலர் மருந்து தினமும் அதை அடக்கி வைக்கும். நன்றாக இருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். விட்டால் வீக்கம் மெதுவாகத் திரும்பும், வாரக்கணக்கில், சத்தமில்லாமல். குறைக்க ஆசையா? சில மாதம் நன்றாக இருங்கள், வந்து கேளுங்கள். நாங்களே படிப்படியாகக் குறைத்துப் பார்ப்போம். நீங்கள் கேட்கவே இல்லையே, புவான்."

கேட்கவில்லைதான்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்றார். வேட்டியெல்லாம் பால். "நீ சாகக் கெடந்த. நான் கும்புட்டுக்கிட்டு நின்னேன்" என்றார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"உனக்கு இழுப்பு வரக் கூடாதுன்னு."

இரண்டு பேரும் அழுதோம். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

சாமி மேடையில் ஒரு பம்ப்

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல பெண். முடியவில்லை.

காதர் பாய் கத்தியதைப் பக்கத்தில் நின்ற பத்துப் பேர்தான் கேட்டார்கள். மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்கு எட்டவில்லை. ஊரில் பரவியது, வசந்தா மேல் பத்ரகாளி வந்து மயங்கி விழுந்தாள் என்பதுதான். வேனில் பிள்ளை ஏற்ற வந்தவர்கள் திடீரென்று என்னை "அம்மா" என்றார்கள். ஒருத்தி வாழைப்பழச் சீப்போடு வந்தாள். பிள்ளைகளே சத்தம் போடப் பயந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பழம் நன்றாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, வேனில் தர்ஷினி இருமிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்த இருமல்.

"பம்ப் அடிச்சியா கண்ணு?"

"இல்ல ஆன்ட்டி. அம்மா வேணாம்னுட்டாங்க. உங்க மேல சாமி வந்து, இழுப்பு போயிடும்னு தலையாட்டிச்சாம்."

வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். என் இழுப்புக்குப் புத்தியில்லாமல் நான் முடிவெடுத்தது என்னோடு போகட்டும். இந்தப் பிள்ளைக்கு முடிவு சொல்ல நான் யார்? அதையும் நான் சொல்லவே இல்லை, மூச்சு வாங்கினேன்.

அன்று பிற்பகலே புஷ்பா வீட்டுக்குப் போனேன். ஹாலில் சாமி மேடை. அம்மன் படத்துக்கு முன்னால், விளக்குப் பக்கத்தில், தர்ஷினியின் கோப்பிக் கலர் பம்ப். அதற்கும் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். புஷ்பாவும் அவள் மாமியாரும் எனக்குப் பாய் விரித்தார்கள்.

"புஷ்பா, அன்னிக்கு என் மேல சாமி வரல. இழுப்பு. பம்பை விட்டதால வந்த இழுப்பு. செத்திருப்பேன். பிள்ளைக்கு இப்பவே மருந்தைக் குடு."

புஷ்பா என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். "அக்கா, சாமி வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்காதுலா. என்ன சொன்னோம்னு உங்களுக்கே தெரியாது."

ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். சாமி இறங்கினால் உடம்பு அப்படித்தான் ஆகும் என்றார் மாமியார். அரை மணி நேரம் பேசினேன். வேன்காரி பேச்சு ஒன்றும் எடுபடவில்லை. உள்ளே அறையில் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாள்.

நான் எழுந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். "ஏய்ய்ய்..." என்று ஒரு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாமியார் தடால் என்று காலில் விழுந்தார்.

"அடியே புஷ்பா! இழுப்பு போகும்னுதான் சொன்னேன், மருந்தை நிறுத்துன்னு சொன்னேனாடி? எடுடி அந்தப் பம்பை! நல்லாக் குலுக்கு! கிளினிக்குல குடுத்த பிளாஸ்டிக் குழாயில மாட்டு! பிள்ளையைக் கூப்புடு!"

"எத்தனை அமுக்கு தாயே?" என்றாள் புஷ்பா, பம்பைக் குலுக்கிக்கொண்டே.

"கிளினிக்குல எத்தனை எழுதிக் குடுத்தாங்களோ அத்தனை! தினமும் ரெண்டு நேரம்! அடிச்சதும் வாயைக் கொப்பளிக்கணும்! நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்!"

தர்ஷினி வந்து நின்று மருந்தை இழுத்தாள். பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்தாள். கொப்பளித்தாள். நான் பாயில் சரிந்து, அது முறை அல்லவா, மெதுவாகக் கண் திறந்து, "நான் எங்க இருக்கேன்?" என்றேன்.

மறுநாள் காலை வேனில் தர்ஷினி எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் காதருகே வந்து கேட்டாள்: "ஆன்ட்டி, அம்மன் எதுக்கு வேன் சாவியைக் கையிலயே வச்சிருந்தாங்க?"

"பேசாம உக்காரு" என்றேன்.

தர்ஷினி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிறாள். பந்து விளையாட்டில் பள்ளிக்காக ஓடி ஆடுகிறாள். மருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. போன மாதம் புஷ்பா ஃபோன் செய்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு இப்ப நல்லா இருக்குதாம். மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

நாலு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. இதற்கும் சாமியாடினால், அந்தப் பிள்ளையின் வைத்தியத்தைக் கடைசிவரை நான்தான் பார்க்க வேண்டும்.

"புஷ்பா, அம்மன் இல்ல. ரெண்டு வாட்டியும் நான்தான். முதல் வாட்டி இழுப்பு. ரெண்டாவது நடிப்பு."

புஷ்பா ஆரம்பித்தாள். பாவி என்றாள், பொய்க்காரி என்றாள், என் மாமியார் உங்க கால்ல விழுந்தாங்களே என்றாள். வாழைப்பழச் சீப்பு முதல்கொண்டு எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். நான் ஃபோனை வைக்கவில்லை. ஒரு வார்த்தைகூட அதிகமில்லை, எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான்.

திட்டி முடித்து, மூக்கை உறிஞ்சினாள். "சரி, இப்ப நீங்களா சொல்லுங்க. குறைக்கலாமா?"

"டாக்டர் சொன்ன அளவுக்குக் குறை. நீயா நிறுத்தாத. இருமல் வந்தா மறுநாளே கிளினிக்குக்கு ஓடு. அதுக்கப்புறம் யாரு மேல எந்தச் சாமி வந்து என்ன சொன்னாலும் கேக்காத புஷ்பா. என் மேல வந்தாலும் கேக்காத."